டெசிமல் என்று எழுதினால் டெசிமல் கிடைத்துவிடுமா?

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் சிறு நிறுவனங்களின் கணக்கு நிரல்கள் பல இப்போது இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6 மொழிக் காலத்தில் எழுதப்பட்டு, ஒரே மேசைக் கணினியில் ஆண்டுக்கணக்காக ஓடிய கூலிக் கணக்கும் நூல் இருப்புக் கணக்கும் உலாவிக்கும் கைப்பேசிக்கும் போகின்றன. திரை எப்படி இருக்க வேண்டும், பில் எந்தத் தாளில் அச்சாக வேண்டும் என்றெல்லாம் இந்த மாற்றத்தின்போது நிறையப் பேசுகிறார்கள். பழைய நிரல் நம்பி நின்ற தரவு வகை (ஒரு மதிப்பைக் கணினி எந்த வடிவில் வைத்துக்கொள்கிறது என்பது) புதிய இடத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. சோதிப்பவர்களிலும் பலர் வகையின் பெயர் ஏற்கப்படுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

விஷுவல் பேசிக் 6-இல் ‘கரன்சி’ என்றொரு வகை உண்டு. தொகையைப் பத்தாயிரத்தால் பெருக்கி 64 பிட் முழு எண்ணாக அது வைத்துக்கொள்ளும். அதனால் நான்கு தசம இடம் வரை எந்தப் பிசகும் வராது. ஓவர்லாக் அடிக்க இத்தனை, காலர் வைக்க இத்தனை என்று உருப்படிக்கு ரூபாயும் பைசாவுமாகக் கூலி பேசும் திருப்பூருக்கு இது மிகவும் பொருத்தமான வகை. அரைப் பைசாகூட அதில் சரியாக நிற்கும். அடுத்து வந்த விஷுவல் பேசிக் டாட்நெட்டில் கரன்சியை எடுத்துவிட்டு, தொகையைப் பத்தடிமானத்திலேயே வைக்கும் டெசிமலைக் கொடுத்தார்கள். அதே மாற்றத்தில் ‘இன்டீஜர்’ என்ற பெயர் அப்படியே இருக்க, அதன் அகலம் மட்டும் 16 பிட்டிலிருந்து 32 பிட்டாக வளர்ந்தது. முன்பு 32,767-ஐத் தாண்டினால் பிழை காட்டிய அதே பெயர், இப்போது 214 கோடிக்கு மேல் தாங்குகிறது. ஒரே நிறுவனம் தந்த ஒரே மொழிக் குடும்பத்துக்குள்ளேயே நிலைமை இது.

கரன்சியும் டெசிமலும் இல்லாத இடத்தில் நிரலரின் கைக்கு வருவது மிதவைப் புள்ளி எண். 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரம் வகுத்தபடி இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் இதைத் தருகின்றன. அறிவியல் கணக்குகளுக்கு அருமையான கருவி. ஆனால் அதன் அடிமானம் இரண்டு. பத்தில் ஒன்று என்ற எளிய பின்னத்தை இரண்டடிமானத்தில் முடிவுள்ள எண்ணாக எழுத முடியாது. எனவே 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. 2.675 என்ற தொகை உள்ளே 2.67499999… என்று உட்கார்ந்திருக்கும். அதை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் பைத்தான் மொழி 2.67 என்கிறது. அதே பைத்தானின் டெசிமல் வகை 2.68 என்கிறது. வித்தியாசம் ஒரு பைசாதான். ஆனால் சனிக்கிழமைதோறும் கூலி வாங்குபவர் தம் நோட்டில் கூட்டி வைத்த தொகையும் கணினித் தாளில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்தத் தாளில் உள்ள மற்ற எண்களையும் அவர் சந்தேகிப்பார். சந்தேகிக்க அவருக்கு முழு நியாயமும் இருக்கிறது.

ஆக, டெசிமல் வேண்டும். புதிய இடம் அதைத் தருகிறதா?

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இயல்பாகவே இருக்கும் தரவுத்தளம் எஸ்கியூலைட். கூலிக் கணக்கைக் கைப்பேசிச் செயலியாக எழுதுபவர் அட்டவணை உருவாக்கும்போது, தொகைக்கான நெடுவரிசைக்கு ‘டெசிமல் 10, 2’ என்று வகை கொடுக்கிறார். கட்டளை மறுப்பில்லாமல் நிறைவேறுகிறது. 12.50 என்று போடுகிறார், 12.5 என்று திரும்பி வருகிறது. வகை இருக்கிறது என்று முடிவுகட்டி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். உண்மையில் எஸ்கியூலைட்டில் டெசிமல் என்ற சேமிப்பு வகையே கிடையாது. வெற்று மதிப்பு, முழு எண், 8 பைட் மிதவைப் புள்ளி எண், உரை, பிளாப் (கொடுத்தபடியே வைக்கும் பைட் தொகுப்பு) ஆகிய ஐந்துதான் அதற்குத் தெரியும். நெடுவரிசைக்கு நாம் எழுதும் வகைப்பெயரை அது ஒரு பரிந்துரையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு அது சுருக்குவதும் இல்லை; மிதவை எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. ‘பனியன்’ என்று வகைப்பெயர் கொடுத்தாலும் அந்த அட்டவணை உருவாகிவிடும். இப்படி எதையும் மறுக்காத ஓர் இடத்தில், மறுப்பு வரவில்லை என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதை எஸ்கியூலைட்டின் குறையாகச் சொல்லவில்லை. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்து, அதை வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பிலிருந்து ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லைச் சேர்த்து அட்டவணை உருவாக்கலாம். அப்போது இன்ட், இன்டீஜர், ரியல், டெக்ஸ்ட், பிளாப், எனி என்ற ஆறு பெயர்களை மட்டுமே அது ஏற்கும். டெசிமல் என்று எழுதினால் அங்கேயே பிழை காட்டும். பழைய கைப்பேசிகளில் இருக்கும் பழைய பதிப்புகளுக்கு இந்த வசதி தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெயரை நம்பாமல் சோதிக்கும் வழக்கம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. மூட்டையில் நூலின் நுண்மையைக் குறிக்கும் 40 கவுண்ட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து எந்த நிட்டிங் கம்பெனியும் நூலை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ரீலில் 120 கஜம், அதாவது ஒரு லீ நூலைச் சுற்றி எடுத்து எடை போடுகிறார்கள். 64.8-ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 40 கவுண்ட் என்றால் ஒரு லீ 1.62 கிராம்; 38 கவுண்ட் என்றால் ஏறக்குறைய 1.71 கிராம். முழுக் கிராமை மட்டும் காட்டும் தராசு இரண்டுக்கும் 2 என்றுதான் காட்டும். அந்தத் தராசில் நூறு முறை போட்டாலும் கவுண்ட் தெரியாது. 40-ஐயும் 38-ஐயும் பிரித்துக் காட்டும் நுட்பம் தராசுக்கு இருந்தால்தான் அது சோதனை.

தரவு வகைக்கும் இதே விதிதான். நமக்கு வேண்டிய வகைக்கு மிக நெருக்கமான போலி எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, உண்மையான வகையில் சரியாகவும் போலியில் தவறாகவும் வரும் ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெசிமலுக்கு நெருக்கமான போலி மிதவை எண். 12.50 இரண்டிலும் சரியாக வரும். அதனால் அதை வைத்துச் சோதிப்பது வீண். இரு டெசிமல் நெடுவரிசைகளில் 0.1, 0.2 இரண்டையும் போட்டு, அவற்றின் கூட்டுத்தொகை 0.3-க்குச் சமமா என்று தரவுத்தளத்தையே கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஆம் என்கிறது. மைஎஸ்கியூஎல்லும் ஆம் என்கிறது. எஸ்கியூலைட் இல்லை என்கிறது. ஒரு வரிச் சோதனை, சந்தேகத்துக்கு இடமில்லாத விடை.

கோவை பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர்போன ஊர். அவற்றைக் கண்காணிக்கும் சிறு மின்னணுச் சாதனங்களைக் கல்லூரி மாணவர்களும் சிறு பட்டறைகளும் 8 பிட் செயலி கொண்ட ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் முதலில் செய்து பார்ப்பது வழக்கம். அந்தப் பலகையில் ‘டபுள்’ என்று எழுதினால், நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கிடைப்பது 8 பைட் இரட்டைத் துல்லிய எண் அல்ல. ‘ஃப்ளோட்’ போலவே 4 பைட் எண்தான். 4 பைட் மிதவை எண்ணில் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்களும் தவறாமல் அடங்கும். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் எண் நகராது. மீண்டும் 1,67,77,216 என்றே நிற்கும்.

வட்டப் பின்னல் இயந்திரம் ஒன்றின் சுற்றுகளை இந்த ‘டபுள்’ மாறியில் எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 43,200 சுற்று. ஓராண்டைத் தாண்டி ஏறக்குறைய 388-ஆவது நாளில் எண்ணிக்கை நின்றுவிடும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், உணரியும் துடித்துக்கொண்டிருக்கும், திரையில் எண் மட்டும் அசையாது. பட்டறையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்த எந்தச் சோதனையும் இதைக் காட்டியிருக்காது. ஆனால் 1,67,77,216-ஐ மாறியில் போட்டு ஒன்றைக் கூட்டி, கூடியதா என்று கேட்கும் ஒரு வரி, முதல் நாளே காட்டியிருக்கும். மாறியின் அளவு எத்தனை பைட் என்று கேட்டாலும் 4 என்ற பதிலிலேயே உண்மை தெரிந்துவிடும்.

பெயர் ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. பைத்தானின் நம்பை நூலகத்தில் ‘ஃப்ளோட்128’ என்ற வகை இன்டெல் செயலி உள்ள லினக்ஸ் கணினியில் கிடைக்கும். விண்டோஸில் அந்தப் பெயரே இருக்காது. கிடைக்கும் லினக்ஸிலும் கணக்கு நடப்பது 80 பிட்டில்தான். மீதி வெறும் நிரப்பு. நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம் ஜேசான்; மரியாடிபி தரவுத்தளத்தில் ‘ஜேசான்’ என்ற வகைப்பெயர் நீள உரை வகைக்கு வைத்த மாற்றுப்பெயர். மைஎஸ்கியூஎல்லில் அது தனி வகை.

உலாவிக்கு வருவோம். ஜாவாஸ்கிரிப்டில் எண் என்றால் நெடுங்காலம் இரட்டைத் துல்லிய மிதவை எண் மட்டும்தான் இருந்தது. முழு எண்களை அது 9,00,71,99,25,47,40,991 வரை தவறாமல் வைத்திருக்கும். பதினாறு இலக்கம் கொண்ட அந்த எல்லையைச் சாதாரணக் கணக்கு தொடாது என்று தோன்றும். ஆனால் தொழிலாளர்களுக்கு வங்கி வழியே சம்பளம் போகிறது. வங்கிக் கணக்கு எண் 18 இலக்கம் வரை இருக்கலாம். 123456789012345678 என்ற எண்ணை உலாவி எண்ணாகப் படித்தால் 123456789012345680 என்று வைத்துக்கொள்ளும். கடைசி இலக்கங்கள் மாறிய கணக்குக்குப் பணம் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விரிதாளிலும் இதே தொல்லை உண்டு: எக்செல் 15 இலக்கம் மட்டுமே வைத்துக்கொண்டு மீதியைச் சுழியாக்கிவிடும். (கணக்கு எண்ணை யாரும் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. அதை உரையாக வைப்பதுதான் சரி. தரவு வகைத் தேர்வு அங்கிருந்தே தொடங்குகிறது.)

பெரிய முழு எண்கள் உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்காக 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் ‘பிக்இன்ட்’ வந்தது. குரோம் 67, ஃபயர்பாக்ஸ் 68, சஃபாரி 14 பதிப்புகளிலிருந்து கிடைக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வரவே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் கடைசி குரோம் பதிப்பு 49, அதிலும் இல்லை. சரவணம்பட்டியில் நிரல் எழுதுபவரின் புதிய கணினியில் இருப்பது, அவிநாசிப் பக்கத்துக் கிடங்கில் எடைத் தராசோடு இணைத்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியில் இருக்கும் என்று எண்ண முடியாது. ஓடும் இயந்திரத்தை மாற்றாமல் பராமரிப்பது இந்த வட்டாரத் தொழிலின் பலம். மென்பொருள் எழுதுபவர் அந்தப் பலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிக்இன்ட்டைச் சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணின் கடைசியில் ஆங்கில ‘என்’ எழுத்தை ஒட்டினால் அது பிக்இன்ட் மாறிலி. சோதிக்கிறேன் என்று அந்த வடிவத்தைக் கோப்பில் எழுதிவிட்டால், பழைய உலாவி கோப்பைப் படிக்கும்போதே இலக்கணப் பிழை என்று முழுக் கோப்பையும் தள்ளிவிடும். அதே கோப்பில் எழுதிய பிழைபிடிப்புப் பகுதியும் ஓடாது, ஏனென்றால் எதுவுமே ஓடத் தொடங்கியிருக்காது. ஆகவே அந்த எழுத்தைத் தொடாமல், வகையைக் கேட்கும் ‘டைப்ஆஃப்’ குறிச்சொல்லால் பிக்இன்ட் என்ற பெயர் ஒரு செயல்கூறாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெயர் அறிவிக்கப்படாமல் இருந்தாலும் டைப்ஆஃப் பிழை எறியாது. பெயர் இருந்தால் அடுத்த படி: 9007199254740993 என்பதை உரையாகக் கொடுத்து பிக்இன்ட் ஆக்கி, மீண்டும் உரையாக்கிப் பார்ப்பது. சாதாரண எண் இதில் கடைசி 3-ஐ 2 ஆக்கிவிடும். பிக்இன்ட் அப்படியே திருப்பித் தரும். உலாவியின் பெயரையும் பதிப்பையும் படித்து முடிவெடுக்கும் பழைய வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலாவிகள் தம் அடையாள வரியில் பிற உலாவிகளின் பெயர்களையும் சேர்த்தே சொல்கின்றன.

சி மொழியில் கேள்வி நிரல் ஓடுவதற்கு முன்பே எழுகிறது. 1999-ஆம் ஆண்டுத் தரம் குறித்த அகலமுள்ள முழு எண் வகைகளைக் கொண்டுவந்தது. அவற்றில் ‘இன்ட்64_டி’ போன்றவை கட்டாயமல்ல. ஆனால் வகை இருந்தால் அதன் உச்ச மதிப்பைச் சொல்லும் ‘இன்ட்64_மேக்ஸ்’ என்ற மேக்ரோவும் கட்டாயம் இருக்கும், வகை இல்லையென்றால் அதுவும் இருக்காது என்று தரமே உறுதி சொல்கிறது. அந்த மேக்ரோ வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டாலே போதும். ‘லாங்’ வகையில் அந்த நிம்மதி கிடையாது: 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். நிரலைக் கட்டும் கணினியும் அது ஓடப்போகும் சாதனமும் வேறு வேறாக இருந்தால், கட்டும் கணினியில் ஓட்டிப் பார்த்த சோதனைக்கு மதிப்பே இல்லை. அதற்காகத்தான் அளவு பொருந்தாவிட்டால் கம்பைல் ஆகாதபடி ஒரு நிபந்தனையை நிரலுக்குள்ளேயே எழுதுகிறார்கள். 2011-ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து இதற்கென்றே தனிக் கட்டளை உண்டு. நேரத்தை வைக்கும் ‘டைம்_டி’ வகைக்கு இந்த நிபந்தனை இன்றியமையாதது. 32 பிட்டில் அது 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரம் காலை 8:44:07-க்குப் பிறகு நிரம்பி வழியும். பதினைந்து ஆண்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதி இன்றே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

எண்களுக்கு மட்டும் உரியதல்ல இந்த விஷயம். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளையும் பழைய ஓலைக் கணக்குகளையும் கணினியில் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் தேவை. 2019-இல் வந்த யூனிகோட் 12.0 இவற்றை ‘தமிழ்ப் பின்னிணைப்பு’ என்ற பகுதியில் சேர்த்தது, 51 குறிகள். வழக்கமான தமிழ் எழுத்துக்கு, எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு 3 பைட் ஆகிறது. இந்தப் பின்னக் குறிகளுக்கு 4 பைட் ஆகிறது. மைஎஸ்கியூஎல்லில் நெடுங்காலம் ‘யூடிஎஃப்8’ என்று அழைக்கப்பட்டது 3 பைட் வரை மட்டுமே தாங்கும். முழுமையானது ‘யூடிஎஃப்8எம்பி4’, 2010-இல் 5.5.3 பதிப்பில் வந்தது. ‘அம்மா’ என்று எழுதிப் பார்த்தால் இரண்டிலும் அழகாக வரும். முந்திரிக் குறியைப் போட்டால், கண்டிப்பான முறையில் இயங்கும் தரவுத்தளம் பிழை காட்டும்; தளர்வான முறையில் இயங்குவது அந்த இடத்தோடு உரையை வெட்டிவிட்டு மேலே போய்விடும். நூற்றாண்டுகள் கல்லில் நின்ற நிலக்கணக்கு கணினிக்கு வந்து பாதியில் அறுபடுவதை என்னால் சிறு பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தமிழ் வருகிறதா என்று சோதிப்பவர்கள் தங்கள் சோதனை உரையில் முந்திரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓரிடத்தில் வகை சரியாக இருந்தாலும் அடுத்த இடத்துக்குப் போகும் வழியில் அது தொலையலாம். போஸ்ட்கிரெஸில் சரியாக இருந்த தசம எண், ஜேசான் வழியாக உலாவிக்குப் போகும்போது மிதவை எண்ணாகிவிடும். பிக்இன்ட் மதிப்பை ஜேசானாக மாற்றச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை எறிகிறது. அது நல்லது, குறைந்தது நமக்குத் தெரிகிறது. எனவே சோதனை மதிப்பு திரையில் தொடங்கி, தரவுத்தளம் போய், மீண்டும் திரைக்கு வந்து சேரும் வரை முழுப் பாதையையும் நடக்க வேண்டும். அதை நிரல் தொடங்கும்போதே செய்துவிட்டு, தவறினால் எந்த வகை இல்லை என்று தமிழில் ஒரு வரி காட்டி நின்றுவிடுவது நல்லது. சனிக்கிழமை மாலை கூலி போடும் நேரத்தில் அரைகுறையாக ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வகை இல்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் செய்யத்தக்கது கரன்சி வகை செய்ததைத்தான்: தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைப்பது. எந்த முழு எண்ணில் வைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். 32 பிட்டில் உச்சம் 2,14,74,83,647 பைசா, அதாவது 2 கோடியே 14 லட்சம் ரூபாய் சொச்சம். ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தின் பில் கூட்டுத்தொகை அதை எளிதில் தாண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணிலோ பைசாக் கணக்கில் 90 லட்சம் கோடி ரூபாய் வரை பிசகு வராது. ஆகவே கூலிக் கணக்குக்காகப் பிக்இன்ட் தேடி அலைய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆர்டுயினோ ஊனோவுக்கும் வழி இருக்கிறது. அதன் கம்பைலர் ‘லாங் லாங்’ வகையை முழு 8 பைட்டாகவே தருகிறது. 8 பிட் செயலி என்பதால் மெதுவாக ஓடும், ஆனால் 1,67,77,216-உடன் ஒன்றைக் கூட்டினால் 1,67,77,217 என்றே சொல்லும். அந்தப் பலகையின் அச்சிடும் செயல்கூறு மட்டும் 64 பிட் எண்ணை ஏற்காது. எண்ணை இரு துண்டாக உடைத்து, இரண்டாம் துண்டின் முன்சுழிகளை விட்டுவிடாமல் அனுப்ப வேண்டும்.